ஏரோபாட்டிக்ஸ் கற்றுக்கொள்ள சூப்பர் டெகத்லான் பொருத்தமான விமானமா?

இதுவரை மூக்குச் சக்கரம் கொண்ட செஸ்னா விமானங்களில் மட்டுமே பறந்திருப்பதாகவும், இப்போது ஏரோபாட்டிக்ஸ், அதாவது வானில் புரண்டும் கவிழ்ந்தும் செய்யும் சாகசப் பறத்தல், கற்க விரும்புவதாகவும், சேர நினைக்கும் பயிற்சிக் கழகத்தில் பழைய சூப்பர் டெகத்லான் ஒன்று இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது எப்படிப்பட்ட விமானம், அதில் கற்பதைவிட நேரடியாக பிட்ஸ் அல்லது எக்ஸ்ட்ரா போன்ற போட்டி விமானத்திலேயே தொடங்குவது நல்லதா, மரத்தாலான ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடி அதைத் தாங்கும் உத்தரம்) கொண்ட பழைய விமானத்தை நம்பலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

முதலில் சுருக்கமான விடை. தொடக்கநிலை மாணவருக்கு டெகத்லானைவிடச் சிறந்த ஆசான் அரிது என்பதே என் உறுதியான கருத்து. அது திறமை மிகுந்த விமானம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விமானி செய்யும் ஒவ்வொரு பிழையையும் அது கண்ணுக்குத் தெரியும்படி, அதுவும் திருத்திக்கொள்ள நேரம் கொடுத்துக் காட்டுகிறது. காரணம் அதன் கட்டமைப்பிலேயே இருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த சாம்பியன் நிறுவனம் 1964-இல் சிட்டாப்ரியா என்ற இரட்டை இருக்கை விமானத்தை வெளியிட்டது. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் 'ஏர்பாட்டிக்' என்று வரும். 1970-இல் சாம்பியனை பெல்லாங்கா நிறுவனம் வாங்கியது. சிட்டாப்ரியாவின் எலும்புக்கூட்டை வலுப்படுத்தி, இறக்கையை மாற்றி அமைத்து உருவாக்கப்பட்டதுதான் டெகத்லான். அதில் 150 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தது. பின்னர் 180 குதிரைத்திறன் எஞ்சினுடன் வந்தது சூப்பர் டெகத்லான். இன்று இதே மாநிலத்தின் ரோச்செஸ்டரில் உள்ள அமெரிக்கன் சாம்பியன் நிறுவனம் இதைக் கட்டுகிறது. சான்றிதழ்களில் இதன் மாதிரிப் பெயர் 8கேசிஏபி.

வெளியிலிருந்து பார்த்தால் பழைய காலத்து விமானமாகத்தான் தோன்றும். உடற்பகுதி, குரோமியம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து, அதன்மேல் பாலியெஸ்டர் துணியை இழுத்துப் போர்த்தி, பூச்சு பூசி இறுக்கியது. இறக்கை மேலே இருக்கிறது. இருபுறமும் சாய்வுத் தாங்கிகள் அதைப் பிடித்திருக்கின்றன. இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. வால் பக்கத்தில் சிறு சக்கரம். தரையிறங்கும்போது தாழ்த்தும் இறக்கை மடிப்பான ஃபிளாப் கிடையாது. இறக்கையின் முழு நீளம் 32 அடி, அதாவது சுமார் 9.75 மீட்டர், விமானத்தின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர்.

இந்த எளிய தோற்றத்துக்குள் இருக்கும் வலிமை வேறு. ஏரோபாட்டிக் வகையில் இந்த விமானம் +6 ஜி முதல் −5 ஜி வரை (ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு) தாங்கச் சான்றளிக்கப்பட்டது. சிட்டாப்ரியாவின் வரம்பு +5, −2 தான். எதிர்மறைப் பக்கத்தில் உள்ள இந்த வேறுபாடே டெகத்லானைத் தனியாக நிறுத்துகிறது, ஏனெனில் தலைகீழ் நிலையில் மூக்கைத் தள்ளிப் பிடிக்கும் எந்தப் பயிற்சிக்கும் அந்த −5 தேவைப்படுகிறது. வேகத்தின் மேல் எல்லை மணிக்கு 200 மைல், அதாவது ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம், ஏறத்தாழ 53 மைல். இந்த ஸ்டால் வேகத்தை 6-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 130 மைல் வரும். கையேட்டில் மனூவரிங் வேகமாகக் குறிக்கப்பட்டிருக்கும் 132 மைல் எங்கிருந்து வருகிறது என்பது இதில் விளங்கும். அந்த வேகத்துக்குக் கீழே ஸ்டிக்கை (விமானத்தைச் செலுத்தும் கைப்பிடியை) முழுவதும் இழுத்தாலும், 6 ஜி வருவதற்குள் இறக்கை ஸ்டால் ஆகிவிடும். அதற்கு மேலே, விமானத்தை வளைத்துவிடும் பலம் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. லூப், அதாவது செங்குத்து வட்டம், தொடங்கும் வேகம் ஏறத்தாழ 140 மைல் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். முதல் இழுப்பிலேயே நிதானம் ஏன் கேட்கப்படுகிறது என்பது தெரியும். இன்னொன்றும் உண்டு: ரோல் செய்துகொண்டே, அதாவது விமானத்தை அதன் நீள அச்சில் உருட்டிக்கொண்டே, இழுக்கும்போது இரண்டு இறக்கைகளும் சம சுமையைத் தாங்குவதில்லை. ஜி-மானி காட்டுவது விமானத்தின் நடுவில் உள்ள அளவு மட்டுமே. மேலெழும் இறக்கையின் மீது அதைவிட அதிகச் சுமை விழுகிறது. ஆகவே இழுக்கும்போது இழுங்கள், உருளும்போது உருளுங்கள், இரண்டையும் முரட்டுத்தனமாகக் கலக்காதீர்கள் என்று பயிற்றுநர் சொன்னால், அதைச் சட்டமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இறக்கையின் வெட்டுமுகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிட்டாப்ரியாவின் இறக்கை கீழே தட்டையாகவும் மேலே வளைந்தும் இருக்கும். நேராகப் பறக்க மிகவும் ஏற்றது. ஆனால் அதைக் கவிழ்த்துப் பறக்கும்போது, அந்த வளைவு எதிர்த்திசையில் வேலை செய்வதால், உயரத்தைத் தக்கவைக்க மூக்கை அடிவானத்துக்கு வெகு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். டெகத்லானின் இறக்கையோ ஏறக்குறைய சமச்சீரானது. கவிழ்ந்த நிலையிலும் அது ஓரளவு இயல்பாகவே தூக்குகிறது. எக்ஸ்ட்ரா போன்ற போட்டி விமானங்களின் முழுச் சமச்சீர் இறக்கைக்கு நிகராகாது என்றாலும், மாணவர் தலைகீழாகப் பறந்து, வலமும் இடமும் திரும்பிப் பழக இது போதும்.

இனி எஞ்சின். ஏரோபாட்டிக் விமானம் என்றால் வலுவான இறக்கை மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். கவிழ்ந்த நிலையில் எரிபொருளும் எண்ணெயும் எங்கே போகின்றன என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. டெகத்லானில் எரிபொருள் இறக்கைகளில் இருக்கிறது. இரண்டு தொட்டிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 150 லிட்டர். நேராகப் பறக்கையில் அது புவியீர்ப்பாலேயே கீழே இறங்கி வரும். விமானம் கவிழ்ந்ததும் அந்தத் தொட்டிகள் எஞ்சினுக்குக் கீழே போய்விடுகின்றன. அதனால் கருவிப் பலகையின் பக்கம் ஐந்தாறு லிட்டர் கொள்ளும் சிறிய தொட்டி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. கவிழ்ந்திருக்கும்வரை எஞ்சின் அதிலிருந்தே குடிக்கிறது. தொடர்ந்து தலைகீழாகப் பறக்க இரண்டு நிமிடம்தான் வரம்பு என்று அறிவிப்புத் தகட்டில் எழுதியிருப்பது இதனால்தான். எஞ்சினிலும் கார்புரேட்டர் கிடையாது, எரிபொருளை நேரே செலுத்தும் அமைப்பு இருக்கிறது. மிதவையை நம்பும் கார்புரேட்டர் கவிழ்ந்த கணமே மூச்சடைத்துப்போகும்.

எண்ணெயின் கதை இன்னும் நுட்பமானது. நேராக இருக்கையில் எண்ணெய் எஞ்சினின் அடித்தட்டில் தேங்கி நிற்கும். பம்பு அங்கிருந்து உறிஞ்சும். கவிழ்ந்தால் எண்ணெய் முழுவதும் மேற்கூட்டுக்குப் போய்விடும். பம்பு காற்றை உறிஞ்சும். போதாததற்கு, காற்றுப் போக்கியின் வழியே எண்ணெய் வெளியே கொட்டவும் தொடங்கும். இதைத் தடுக்க, எடையுள்ள உலோக உருண்டைகள் கொண்ட வால்வு ஒன்று பொருத்தப்படுகிறது. விமானம் புரண்டதும் உருண்டைகள் தம் எடையாலேயே மறுபக்கம் விழுந்து, ஒரு வழியை அடைத்து மறுவழியைத் திறக்கின்றன; பம்பு இப்போது மேற்கூட்டிலிருந்து உறிஞ்சுகிறது. மின்சாரமோ விமானியின் கையோ இதில் தலையிடுவதில்லை. ரோலின் நடுவில், உருண்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் அந்தக் கண நேரத்தில், எண்ணெய் அழுத்தமானியின் முள் சற்றே தடுமாறி மீண்டும் நிற்பதைப் பார்க்கலாம். அந்த முள்ளை ஓரக்கண்ணால் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள்.

புரொப்பெல்லரும் இதே சிந்தனையில் அமைந்ததுதான். சுழல்வேகத்தை நிலையாக வைத்திருக்கும் வழக்கமான ஒற்றை எஞ்சின் விமானப் புரொப்பெல்லரில், எண்ணெய் அழுத்தம் போய்விட்டால் அலகுகள் தட்டையான கோணத்துக்குப் போகும். சுழல்வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். டெகத்லானின் புரொப்பெல்லரில் எதிர் எடைகள் உள்ளன. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் அவை அலகுகளை ஆழமான கோணத்துக்குத் திருப்பிவிடும், சுழல்வேகம் குறையும். எஞ்சின் பிளிறுவதற்குப் பதிலாக முனகும். ஆகவே தலைகீழ் நிலையில் எஞ்சின் ஒலி திடீரென்று தாழ்ந்தால், எண்ணெய் வரவில்லை என்று பொருள். உடனே நேராகத் திரும்பிவிட வேண்டும். நிலையான சுழல்வேகத்தால் மாணவருக்கு இன்னொரு பெரிய நன்மை: லூப்பின் இறங்கு பகுதியில் சுழல்வேகம் எல்லை மீறுமோ என்று எஞ்சின் சக்தியைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கவனம் முழுவதும் விமானத்தின் போக்கின்மேல் இருக்கலாம்.

விமானி தனியாகப் பறப்பது முன் இருக்கையிலிருந்துதான். பயிற்றுநர் பின்னால் அமர்கிறார். அவருக்குத் தெரிவது பெரும்பாலும் உங்கள் பின்னந்தலையும் இரு பக்கச் சன்னல்களும்தான். அதனால் வேகத்தையும் உயரத்தையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும். தலைக்கு மேலே கூரையில் ஒளி ஊடுருவும் பலகை இருக்கிறது. முதல் லூப்பில் எல்லாரும் செய்யும் பிழை முன்கண்ணாடியையே வெறித்துப் பார்ப்பது. மூக்கு மேலே ஏறியதும் அங்கே வானத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. இழுக்கத் தொடங்கியதும் பார்வை இடது இறக்கையின் நுனிக்குப் போக வேண்டும். அந்த நுனி அடிவானத்தின்மீது ஒழுங்காக வட்டம் போடுகிறதா என்று பார்க்க வேண்டும். செங்குத்தைத் தாண்டியதும் தலையை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து அந்தக் கூரைப் பலகை வழியே பார்த்தால், எதிர்ப்பக்க அடிவானம் மெல்ல இறங்கி வருவது தெரியும். அதைக் கண்டதும் இழுப்பைத் தளர்த்தி, உச்சியில் விமானத்தைச் சற்று மிதக்க விட்டால்தான் வட்டம் வட்டமாக வரும். தளர்த்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் உச்சியில் நெருங்கி, முட்டை வடிவமாகிவிடும்.

ரோலுக்கு வருவோம், ஏனெனில் இந்த விமானத்தின் உண்மையான பாடம் அதில்தான் இருக்கிறது. எக்ஸ்ட்ரா 300 ஒரு நொடிக்குள் முழுமையாக உருண்டுவிடும். டெகத்லானுக்கு நான்கு நொடிக்கு மேலும் ஆகலாம். விமானத்தை உருட்டும் இறக்கை மடிப்புகளான ஏலரான்களும் கைக்குக் கனமாகவே இருக்கும். இதைக் குறை என்பார்கள். நான் இதைத்தான் அதன் தலையாய குணம் என்பேன். ஒரு நொடிக்குள் உருளும் விமானத்தில், பெடலால் இயங்கும் வால் சுக்கானான ரடரைச் சரியாக மிதித்தாலும் தவறாக மிதித்தாலும், மூக்கு அலைவதற்கு முன்பே விமானம் நேராகிவிடும். நான்கு நொடிக்கு நீளும் ரோலில் ஒவ்வொரு கட்டமும் கணக்குக் கேட்கும்.

இடதுபுற ரோலை எடுத்துக்கொள்வோம். மூக்கை அடிவானத்துக்குச் சற்று மேலே தூக்கி நிறுத்தி, இழுப்பை விடுவித்து, ஸ்டிக்கை முழுவதும் இடது பக்கம் தள்ளுகிறீர்கள். வலது இறக்கையில் கீழிறங்கும் ஏலரான் கூடுதல் இழுவையை உண்டாக்குவதால் மூக்கு வலப்பக்கம் நழுவப் பார்க்கும். அதைத் தடுக்க முதலில் இடது பெடல். விமானம் பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும்போது இறக்கை அதைத் தூக்குவதில்லை. மூக்கு தாழாமல் இருக்க மேலிருக்கும் பெடல், அதாவது வலது பெடல். முழுவதும் கவிழ்ந்ததும் ஸ்டிக்கை முன்னே தள்ள வேண்டும். மறுபக்கச் செங்குத்தில் மேலிருப்பது இடது பெடல். பிறகு எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்து நேராக நிற்க வேண்டும். கையும் இரு கால்களும் மூன்று வெவ்வேறு தாளத்தில் இயங்க வேண்டிய இந்த வரிசையை வேகமான விமானம் மறைத்துவிடும், டெகத்லான் மறைப்பதில்லை.

இதில் உயிருக்கே ஆபத்தான ஓர் இடம் உண்டு. கவிழ்ந்த நிலையில் மாணவர் தள்ள மறந்துவிடுகிறார். மூக்கு தாழ்கிறது. வாரில் தொங்கிக்கொண்டு, தரை முன்கண்ணாடியில் நிறைவதைப் பார்த்ததும், பல மாதமாகப் பழகிய கை தானாகவே ஸ்டிக்கை இழுக்கிறது. தலைகீழாக இருக்கும் விமானத்தில் இழுப்பது என்றால், மூக்கை நேரே தரையை நோக்கித் திருப்புவது. உயரம் மளமளவென்று கரையும். வேகம் 200 மைல் எல்லையை நோக்கி ஓடும். மேலே எடுக்க வேண்டிய ஜி-யும் அதற்கேற்ப ஏறும். செய்ய வேண்டியது நேர்மாறானது: இழுப்பை விட்டு, ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளி, ரோலை முடித்து, நேரான பிறகே இழுக்க வேண்டும். எந்த நிலையில் குழம்பினாலும் முதலில் உருண்டு நேராகு, பிறகு இழு. இதை நல்ல உயரத்தில், பயிற்றுநர் பின்னால் இருக்க, வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டும். அமெரிக்க விதிகளின்படி ஏரோபாட்டிக்ஸ் செய்யத் தரையிலிருந்து 1,500 அடி குறைந்தபட்ச உயரம். மாணவருக்கு அது போதவே போதாது. அதைவிடப் பல மடங்கு உயரத்தில் தொடங்குவதே முறை.

ஸ்பின்னில், அதாவது ஸ்டால் ஆன விமானம் சுழன்றபடி கீழே விழும் நிலையில், டெகத்லான் நேர்மையானது. ஸ்டால் ஆகும் கணத்தில் ரடரை முழுவதும் மிதித்தால் சுழலத் தொடங்கும். திராட்டிலை மூடி, ஏலரானை நடுவில் வைத்து, சுழற்சிக்கு எதிர் ரடரை முழுவதும் மிதித்து, ஸ்டிக்கை முன்னே தள்ளினால் நின்றுவிடும். சுழற்சி நின்றதும் ரடரை நடுவுக்குக் கொண்டுவர மறந்தால் எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பின் தொடங்கும். இது மிகவும் பொதுவான பிழை. ஏலரான் நடுவில் இருக்கிறதா என்பதையும், எஞ்சின் சக்தி குறைக்கப்பட்டதா என்பதையும் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும், ஏனெனில் சக்தியோடு தொடரும் ஸ்பின் தட்டையாகி, மீள்வதற்கு நேரம் பிடிக்கும்.

எடைக் கணக்கைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஏரோபாட்டிக் வகையில் அதிகபட்ச எடை 1,800 பவுண்டு, அதாவது 816 கிலோ. வெற்று விமானம் ஏறத்தாழ 600 கிலோ. மிச்சம் 216. ஆளுக்கு 80 கிலோ வீதம் இருவர், தலா ஏழு கிலோ பாராசூட்: 174 கிலோ. எரிபொருளுக்குக் கிடைப்பது 42 கிலோ, அதாவது 58 லிட்டர் அளவு. தொட்டியை முழுவதும் நிரப்பினால் 109 கிலோ ஆகும். அந்த எடையில் ஏரோபாட்டிக்ஸ் சட்டத்துக்கும் புறம்பு, பாதுகாப்புக்கும் புறம்பு. 58 லிட்டரில் ஒரு மணி நேரத்துக்குக் குறைவான பயிற்சியும் பத்திரமான இருப்பும் கிடைக்கும். மாணவரின் வயிறு முதல் நாட்களில் அரை மணிக்கு மேல் தாங்குவதுமில்லை. ஆகவே இது பெரிய குறையல்ல. ஆனால் உங்கள் எடையை உண்மையாகச் சொல்லுங்கள்.

பறக்கும் முன் சட்டைப்பையைக் காலி செய்வதும் இதில் சேர்ந்தது. பேனா, நாணயம், கைப்பேசி, எதுவாயினும் எதிர்மறை ஜி-யில் மிதந்து, பின்பக்கத் தரையில் விழுந்து, மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டரை இயக்கும் கம்பிகளுக்கிடையே சிக்கக்கூடும். தரையில் கதவைத் திறந்து, அவசரத்தில் கதவையே கழற்றி எறியும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். கதவு வலப்பக்கம் ஒன்றுதான். இருவரும் அதன் வழியாகவே வெளியேற வேண்டும்.

தரையிறக்கம் உங்களுக்குப் புதிதாக இருக்கும். வால் சக்கர விமானத்தில் எடைமையம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் சற்றே பக்கவாட்டாக ஓடினாலும் வால் முந்திக்கொள்ளப் பார்க்கும். விமானம் நிற்கும்வரை கால்கள் ஓயக்கூடாது. ஃபிளாப் இல்லாததால் உயரம் அதிகமாக வந்தால், ஒரு பக்கம் சாய்த்து எதிர் ரடர் மிதித்து நழுவவிட்டு இறங்க வேண்டும். அமெரிக்காவில் வால் சக்கர விமானம் ஓட்டத் தனி ஒப்புதல் கையெழுத்தே தேவை. ஏரோபாட்டிக்ஸ் தொடங்குமுன் சில மணி நேரம் இதற்காகவே ஒதுக்குங்கள்.

பிட்ஸ் எஸ்-2 இதைவிடக் கூர்மையானது. 260 குதிரைத்திறன் கொண்ட எஸ்-2பி-யில் தரையிறங்கும்போது முன்னால் ஒன்றும் தெரியாது. எல்லாம் விரைவாக நடக்கும். எக்ஸ்ட்ரா 300எல் விமானத்தில் 300 குதிரைத்திறன்; தனியாளாகப் பறந்தால் ±10 ஜி. போட்டியில் உயர்நிலைக்குப் போக விரும்புபவர் ஒருநாள் அங்கே போயே ஆக வேண்டும். ஆனால் விமானத்தின் சக்தி எல்லாப் பிழையையும் மூடிவிடும் இடத்தில் தொடங்கியவருக்குக் கால்கள் தூங்கிப்போகின்றன. பிறகு அவற்றை எழுப்புவது கடினம். செஸ்னா 152 ஏரோபேட் மலிவான மாற்று. ஆனால் கவிழ்ந்த நிலையில் எஞ்சின் ஓடுவதற்கான அமைப்பு அதில் இல்லை, எதிர்மறை வரம்பும் −3 மட்டுமே. பிரான்ஸின் கேப் 10, மரத்தாலான, பக்கத்தில் பக்கத்தில் அமரும் அழகான விமானம். கிடைத்தால் தயங்காமல் அதிலும் கற்கலாம்.

கடைசியாக அந்த மர ஸ்பார். பெல்லாங்கா காலத்து டெகத்லான்களின் இறக்கையில் ஸ்பார் ஸ்புரூஸ் மரத்தால் ஆனது. அமெரிக்கன் சாம்பியன் பின்னர் அலுமினியத்துக்கு மாறியது. மரம் தன்னளவில் நம்பத்தகாத பொருள் அல்ல. அது உலோகத்தைப்போல் களைப்படைவதில்லை. ஆபத்து வேறிடத்தில். தரையில் விமானம் சுழன்று இறக்கை நுனி மோதியிருந்தால், ஸ்பாரின் இழைகள் நசுங்கி, மேற்பரப்பில் மயிரிழைபோல் குறுக்கே ஒரு கோடு விழும். துணிக்குள் மறைந்திருக்கும் அந்தக் கோடு வெளியிலிருந்து தெரியாது. ஆனால் அதற்குப்பின் அந்த இறக்கை 6 ஜி இறக்கை அல்ல. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இத்தகைய மர ஸ்பார்களைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும் என்று கட்டளை பிறப்பித்தது இதனால்தான். ஆகவே பயிற்சிக் கழகத்தில் மூன்றைக் கேளுங்கள்: இந்த விமானத்தின் இறக்கை எப்போதாவது தரையில் மோதியிருக்கிறதா, ஸ்பார் கடைசியாக எப்போது, எந்தத் துளைகள் வழியாக, எந்த விளக்கு வைத்துப் பார்க்கப்பட்டது, பதிவேட்டில் அதற்கான கையெழுத்து எங்கே. பதிவேட்டைத் தயங்காமல் எடுத்துக் காட்டினால் அங்கே சேருங்கள். தயங்கினால், அலுமினிய ஸ்பார் கொண்ட இன்னொரு டெகத்லானைத் தேடுங்கள்; சற்றுத் தொலைவானாலும் பரவாயில்லை.